வெள்ளை மருந்தில் விழுந்த கறுப்பு இடைவெளி

என் கணவருக்கு வந்திருப்பது புற்றுநோய்தான் என்று உறுதியாவதற்கு முன்பே அதன் நீளம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து விரற்கடை. விழுப்புரத்து எக்ஸ்ரே நிலையத்தில் வெளிச்சப் பலகையில் மாட்டிய படத்தின் மேல் டாக்டர் ஸ்கேலை வைத்து சென்டிமீட்டரில்தான் சொன்னார். அவர் கையை எடுத்ததும் நான் என் விரல்களை ஒன்றை ஒன்று ஒட்டி அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலை நீக்கினால் ஒரு கையில் நாலு விரல்தானே. மறு கையிலிருந்து ஒரு விரலைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் திண்டிவனத்தில் யாருக்காவது சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்ரே படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்து, "டீச்சர், உங்க வீட்டுலதான் இது வந்து நல்லாச்சாமே" என்று கேட்கிறார்கள். சொல்ல ஆரம்பிப்பேன். பாதியில் நின்றுவிடும். இரண்டு வருஷம் கழிந்தும் அப்படித்தான். எழுதினால் நிற்காமல் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் கணவர் ஏழுமலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை மண்டியில் கொள்முதல் பார்க்கிறவர். மூட்டை வந்து இறங்கியதும் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுப்பார். காதருகே ஆட்டிப் பார்ப்பார். இரண்டை உடைத்து, தோலைத் தேய்த்து, வாயில் போட்டு மென்று, ஈரமா, எண்ணெய் எவ்வளவு நிற்கும், கசப்பு தட்டுகிறதா என்று சொல்லிவிட்டுத் துப்பிவிடுவார். இதற்குப் பதம் பார்ப்பது என்று பெயர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

முதலில் நின்றது கேப்பைக் களி. பிறகு சோறு. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துத் தள்ளினார். மார்க்கூட்டுக்கு நடுவில் விரலை வைத்து, "இங்கதான் வந்து உக்காந்துக்கினு நகர மாட்டேங்குது" என்பார். வாயுவுக்கு மருந்து சாப்பிட்டோம். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்ததும் திண்டிவனத்து டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பேரியம் குடிச்சு ஒரு படம் எடுத்துடுங்க. விழுப்புரம் போங்க" என்றார்.

பேரியம் என்பது சுண்ணாம்பைக் குழைத்ததுபோல ஒரு வெள்ளை மருந்து. எலும்பு எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிறது, அதனால் படத்தில் வெள்ளையாக விழுகிறது. சதை தடுப்பதில்லை. உணவுக்குழாய் வெறும் சதை என்பதால் சாதாரணப் படத்தில் தெரியாது. இந்த மருந்தை விழுங்கினால் அது இறங்குகிற வழி முழுக்க வெள்ளையாகத் தெரியும். குழாயைப் பார்ப்பதில்லை, குழாய்க்குள் ஓடுகிற வெள்ளையைப் பார்க்கிறார்கள். வெள்ளை எங்கே மெலிகிறதோ, எங்கே கறுப்பு உள்ளே நுழைகிறதோ, அங்கே கோளாறு. பத்தாம் வகுப்புக்கு எக்ஸ்ரே பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். ஆனால் அன்றுவரை இப்படி யோசித்ததில்லை.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வண்டி சீக்கிரமே விழுப்புரம் சேர்ந்துவிட்டது. எக்ஸ்ரே நிலையம் திறக்கவில்லை. "சும்மா நிக்கறதுக்கு விற்பனைக்கூடம் வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார். அங்கே மல்லாட்டை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நாலைந்து மூட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த தடவ செஞ்சிப் பக்கத்து காய் தேவல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கூடவே நின்றேன். டீ வேண்டுமா என்று ஒருவர் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

எக்ஸ்ரே நிலையத்து ஊழியர் கேட்டார்: "காலைல எதனா சாப்டீங்களா?"

"தண்ணி கூட குடிக்கல."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மருந்தைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பொங்கலுக்கு சுவத்துக்கு அடிக்கறத எனக்கு ஊத்திட்டானுங்க." அதற்குள் இருட்டறையில் திரும்பு, சாய், மூச்சைப் பிடி என்று படங்கள் எடுத்தார்கள். வாய் கொப்பளிக்க அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

படத்தில் வெள்ளை நேராக இறங்கி வந்து, நடுமார்பில் நூலாக மெலிந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபடி அகன்று வயிற்றுக்குப் போனது. அந்த நூல் ஓடிய இடம் முழுவதும் கறுப்பு.

"இது கட்டியாத்தான் இருக்கணும். நீளம் அதிகமா இருக்கு. வழியும் நேரா இல்ல, வளைஞ்சிருக்கு. இந்த ரெண்டும் இருந்தா பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கும்னு அர்த்தம். ஆபரேஷன் பண்றது சந்தேகம்தாம்மா. கரண்ட் வைப்பாங்க, அதான் கதிர் சிகிச்சை. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

"எவ்வளவு காலம் சார்?"

அவர் படத்தின் விளக்கை அணைத்தார். "வருஷம் திரும்பறது கஷ்டம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டியது. பிறகு, "டீச்சர்" என்றார். கோபமோ பிரியமோ எது வந்தாலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "என்னா சொன்னாரு?"

"மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்திருக்காருங்க."

"அது தெரியும். எத்தினி நாளு?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல."

"நீ பொய் சொன்னா உன் மூக்கு நுனி செவக்கும். இப்ப தக்காளி மாதிரி கீது." அவ்வளவுதான். மயிலம் சாலைப் பிரிவு வந்தபோது கோயில் மலை இருக்கும் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே, "மலருக்கு அந்த அனந்தபுரத்து வரனைப் பேசி முடிச்சிடலாம்" என்றார்.

மலர் எங்கள் ஒரே மகள். அப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம். அனந்தபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிற குடும்பம் ஒன்று அவளைக் கேட்டு ஆறு மாதமாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. டிகிரி முடியட்டும் என்று தட்டிக்கழித்ததே இவர்தான். இப்போது இவரே ஆள் அனுப்பினார். மெட்ராஸில் இடம் கிடைக்கக் காத்திருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். பையனின் அம்மா மலரின் கன்னத்தைத் தடவி, "தையிலயே வச்சுக்கலாம். இதுக்கு மேல படிச்சு என்னா பண்ணப் போவுது பொண்ணு? கடைக் கணக்கு பார்க்க இந்த படிப்பு போதும்" என்றார். என் கணவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கேசரித் தட்டை எல்லோருக்கும் நீட்டினார். தான் தொடவில்லை.

அவர்கள் போனபின் மலர் பாத்திரங்களை ஓசையில்லாமல் கழுவினாள். அவள் ஓசையில்லாமல் கழுவினால் எனக்குப் பயம்.

"அம்மா, நைனாவுக்கு எத்தனை படம் எடுத்தாங்க?"

"ஏழோ எட்டோ."

"எல்லாம் ஒரே நாள்ல, ஒரே தடவ குடிச்சுத்தானே? அது ஒரு ரீடிங்தான். லேப்ல ஒரு ரீடிங்க எழுதிக்கினு போனா மேடம் நோட்டைத் தூக்கி எறிவாங்க. ஒரு கம்பியோட தடிமனை அளக்கறதுக்கே வேற வேற எடத்துல அளக்கணும். இவங்க ஒரு தடவ அளந்துட்டு நைனா உசுருக்கே கணக்கு சொல்றாங்க. அத வச்சு எனக்கும் கணக்கு முடிக்கறீங்க."

பின்னால் அவர் நின்றிருந்தார். "பாப்பா, என் கண்ணு மூடறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தார்.

"கண்ண எல்லாம் மூடாத நைனா. இன்னொரு படம் எடு" என்று சொல்லிவிட்டு ஈரக் கையோடு உள்ளே போய்விட்டாள். இப்படிப் பேசுகிற பெண்ணை நாங்கள் வளர்த்திருக்கிறோம் என்று அவருக்கு முகத்தில் பெருமையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஆனாலும், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள நாள் பார்க்கச் சொல்லி அனந்தபுரத்துக்கு மறுநாளே ஆள் போயிற்று. நான் தடுக்கவில்லை. ஒரு வருஷம்தான் என்றால் ஒரு தகப்பனிடம் என்னவென்று வாதாடுவது?

மெட்ராஸில் சேர்க்கிற நாளுக்கு முந்தின நாள்வரை அவர் மண்டிக்குப் போனார். ஆஸ்பத்திரியில் நீண்ட தாழ்வாரம், அதில் பெஞ்சு, பெஞ்சுக்குக் கீழே பாய். ஒவ்வொரு குடும்பமும் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து அதையே வீடாக்கிக்கொண்டிருந்தது. என் கொழுந்தன் கண்ணன் தாம்பரத்தில் வேலையில் இருந்தான். தினமும் வேலைக்குப் போகும் வழியில் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான். "அண்ணி, வடிகட்டிதான் கொண்ணாந்தேன், ஒரு நொய் கூட இல்ல" என்று சொல்லிவிட்டு, அண்ணன் குடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

முதலில் எண்டோஸ்கோப்பி. வளைகிற கறுப்புக் குழாய், நுனியில் வெளிச்சம். தொண்டையை மரக்கவைத்துவிட்டு வாய்வழியாக இறக்கி, உள்ளே இருப்பதை நேராகக் கண்ணால் பார்க்கிறார்கள். கட்டியிலிருந்து ஒரு துணுக்கு சதை கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். புற்றுநோயா இல்லையா என்பதைச் சொல்வது அந்தத் துணுக்குதான்.

நான் வெளியே நின்றேன். உள்ளே அவர் குமட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. வெகுநேரம் ஆயிற்று. கதவு திறந்து, கண்ணாடி போட்ட பெரிய டாக்டர் தலையை நீட்டினார்.

"ஏழுமலை கூட வந்தது யாரு? உள்ள வாங்கம்மா."

அவர் கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதில் எச்சிலும் ரத்தமும் கலந்து, வெளிறிய துணுக்குகளும் சிவந்த தோல்களுமாகக் கொஞ்சம் கிடந்தது. அவர் சதை என்றே நினைத்தேன்.

"யாரும்மா இவருக்கு வேர்க்கடலை குடுத்தது?"

"வேர்க்கடலையா?"

"அடைப்புக்கு மேல ஒரு பொட்டலம் உக்காந்திருக்கு. எடுத்து எடுத்து எங்க கை ஓஞ்சு போச்சு. கஞ்சி மட்டும்னு சொன்னோமா இல்லையா?"

என் கணவர் பக்கவாட்டில் படுத்தபடி, மரத்த நாக்கோடு சொன்னார்: "சாப்டல சார். பதம்தான் பாத்தேன்."

"அப்படின்னா?"

"வாயில போட்டு மென்னு பாப்போம். அப்பறம் துப்பிடுவோம்."

"எல்லாத்தையும் துப்பினீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். வியாபாரத்தில் பொய் சொல்லாதவர். "துப்புனது போக மீதி உள்ள போயிருக்கும்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. விழுப்புரத்துப் படத்தை உறையிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார். "இது எடுத்த அன்னைக்கும் பதம் பார்த்தாரா?"

விற்பனைக்கூடம் கண்முன் வந்தது. நாலைந்து மூட்டை. செஞ்சிப் பக்கத்துக் காய். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன், என் கண்ணெதிரே அவர் தாடை அசைந்திருக்கிறது. அன்று இரண்டு பேரும் டீயை வேண்டாம் என்றோம். ஆனால் அதைச் சாப்பாடு என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் மண்டிக்காரர் வீட்டில் யாரைக் கேட்டாலும் நினைத்திருக்க மாட்டார்கள். தச்சர் கைவிரலில் மரத்தூள் ஒட்டியிருப்பதைப்போல அது.

"பார்த்தார் சார்" என்றேன்.

"அப்போ இந்தக் கறுப்புல எது கட்டி, எது கடலைன்னு யாரு சொல்றது? ஓரமா ஒதுங்கின மாதிரி தெரியுதே, அதுவும் இந்தப் பொட்டலம் மருந்தைத் தள்ளினதா இருக்கலாம்." படத்தை உறையில் போட்டார். "மறுபடியும் எடுப்போம். கழுவி, காலி பண்ணிட்டு."

அடைப்பு இருப்பது உண்மை என்றும், கண்ணால் பார்த்ததாகவும், நல்ல கட்டிபோல் தெரியவில்லை என்றும் அவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. ஆனாலும் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று தெரியவில்லை. பக்கத்துப் பாயிலிருந்த மரக்காணத்து அஞ்சலை எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், அவருக்கும் இதே நோய். "அழுங்க டீச்சர். எங்க வூட்டுக்காரு ஒரு மாசமா மீனே தொடல. கடல்ல கீறவனுக்கு மீன் எறங்கல, மண்டியில கீறவனுக்கு மல்லாட்டை எறங்கல. ஆண்டவன் நம்மள நல்லா பேஜாரு பண்றான்."

கண்ணன் மாலையில் ஊருக்குப் போன் போட்டு எதிர்வீட்டு வழியாக மலருக்குச் சொன்னான். அவள் ஒரே ஒரு வார்த்தை கேட்டாளாம்: "ரெண்டாவது ரீடிங் எப்ப?"

இரண்டாவது படத்தில் இரண்டரை விரற்கடை. என் விரலை வைத்தேதான் பார்த்தேன். வெள்ளை மெலிந்த இடம் குறுகலாகவும் ஓரம் கரடுமுரடாகவும் இருந்தது, ஆனால் நேராக இறங்கியது. சதைத் துணுக்கின் முடிவும் வந்துவிட்டது: புற்றுநோய்தான். ஒரே நாளில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே உறைக்குள் வந்தன. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் அவரிடம் உறையையே கொடுத்தேன்.

"பாதி நோவு, பாதி மல்லாட்டையா?" என்றார். "பரவால்ல. மல்லாட்டையை எடுத்துட்டாங்க இல்ல?"

அறுவை செய்யலாமா என்று தீர்மானிக்க இன்னொரு படம் வேண்டும் என்றார்கள். சி.டி. ஸ்கேன். மெட்ராஸில்கூட அது ஒன்றிரண்டு இடங்களில்தான் வந்திருந்தது. வெளியே தனியார் இடத்தில் எடுக்க வேண்டியிருந்தது. செலவை மண்டிக்காரர்கள் பகிர்ந்துகொண்டார்கள், இன்றுவரை யார் எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

பேரியம் படம் குழாயின் உள்வழியை மட்டும் காட்டும். சுவருக்கு வெளியே கட்டி எதைத் தொடுகிறது என்று காட்டாது. ஸ்கேன் உடம்பை வாழைத்தண்டுபோல வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டுகிறது. பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து, மேசை கொஞ்சம் கொஞ்சமாக நகர, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வில்லை. அந்த வில்லையில் உணவுக்குழாய் ஒரு சின்ன வட்டம், அதை ஒட்டி இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஒரு பெரிய வட்டம். கட்டி அந்தப் பெரிய வட்டத்தைப் பிடித்திருந்தால் அறுக்க முடியாது. பக்கத்தில் சும்மா சாய்ந்திருந்தால் முடியும். நோய் எந்தக் கட்டம் என்று சொல்வதும், ஆள் எத்தனை காலம் என்று ஊகிப்பதும் இதிலிருந்தும், ஈரலிலும் நிணநீர்க் கழலைகளிலும் ஏதாவது தெரிகிறதா என்பதிலிருந்தும்தான்.

ஸ்கேன் டாக்டர் இளைஞர். படத்தின் மேல் பிளாஸ்டிக் கோணமானியை வைத்தார். என் மாணவிகள் ஜியோமெட்ரி பெட்டியில் வைத்திருப்பது மாதிரியே. நான் எழுந்து பக்கத்தில் போய்விட்டேன்.

"நீங்க டீச்சரா?"

"எப்படி சார் தெரிஞ்சது?"

"எல்லாரும் என் மூஞ்சியப் பார்ப்பாங்க. நீங்கதான் படத்தைப் பார்க்கறீங்க." அவர் இடம் விட்டார். "பெரிய வட்டத்துல எவ்வளவு பாகம் கட்டி தொடுதுன்னு அளக்கறேன். கால் வட்டத்துக்கு மேல சுத்தி அணைச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு வச்சுக்குவோம். அதுல பாதிக்கும் கீழ இருந்தா பிடிக்கல. இவருக்கு ரெண்டுக்கும் நடுவுல நிக்குது."

"நடுவுலன்னா?"

"தெரியாதுன்னு அர்த்தம்." அவர் அதைச் சொல்லத் தயங்கவில்லை. "சாதாரணமா இந்த ரெண்டுக்கும் இடையில மெல்லிசா கொழுப்பு இருக்கும். படத்துல ஒரு கறுப்புக் கோடாத் தெரியும். அந்தக் கோடு இருந்தா ஒட்டலைன்னு தைரியமா சொல்லலாம். சார் இளைச்சுப் போயிட்டதால கோடே இல்ல. கட்டி அழிச்சிடுச்சா, பட்டினி அழிச்சிடுச்சான்னு படத்துக்குத் தெரியாது. ஈரல் சுத்தமா இருக்கு, அது நல்ல விஷயம்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என் கணவர் கேட்டார்: "தொப்பையோட வந்திருந்தா தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்கும்."

"கேட்டியா டீச்சர்? நீதான் தொப்பையக் கொறைக்கச் சொல்லிக்கினே இருந்த."

வார்டுக்குத் திரும்பியதும் அஞ்சலை வந்தாள். கையில் அவள் வீட்டுக்காரரின் படம். "நீங்க வெரல வச்சு அளக்கறீங்களே, இதையும் கொஞ்சம் அளந்து சொல்லுங்க டீச்சர். டாக்டரு இங்கிலீசுல பேசிக்கினு போயிட்டாங்க." ஜன்னலில் பிடித்தாள். வெள்ளை வளைந்து நெளிந்து ஓடியது. விரலை வைக்காமலே தெரிந்தது, என் இரண்டு கையும் போதாது. கழித்துப் பார்க்க, அவள் வீட்டுக்காரர் மல்லாட்டை மென்றவருமில்லை.

"எனக்கு அவ்வளவு தெரியாதும்மா" என்றேன்.

அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். என் மூக்கு சிவந்திருக்க வேண்டும். படத்தைச் சுருட்டிக்கொண்டு, "செரி, கரண்ட் வைக்கறாங்களாம், பாக்கலாம்" என்று போனாள். அவர்களை அதற்குப் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன். அந்தப் படத்தை இன்னும் பலமுறை பார்த்துவிட்டேன், கண்ணை மூடினால்.

அறுவைக்கு முன் பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். திறந்து பார்ப்போம், பிடித்திருந்தால் மூடிவிடுவோம், பிடிக்காமலிருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு வயிற்றை மேலே இழுத்து ஒட்டுப்போடுவோம் என்றார். என் கணவர் எல்லாம் கேட்டுக்கொண்டு கைகூப்பினார்.

"ஒரு ரெண்டு வருஷம் கெடைக்குமா சார்?"

"ஏன் ரெண்டு வருஷம்?"

"பொண்ணு டிகிரி முடிச்சு கையில வாங்கற வரைக்கும். அதுவரைக்கும்னா அனந்தபுரத்துக்கு இப்ப வேணாம்னு சொல்லி அனுப்பிடுவேன்."

டாக்டருக்கு அனந்தபுரம் புரியவில்லை. ஆனால் என்னமோ புரிந்தது. "படம் தேதி சொல்லாதுங்க. வழி இருக்கா இல்லையான்னுதான் சொல்லும். அதையும் இந்தத் தடவை சரியாச் சொல்லல. நாளைக்குக் கையை வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் மதியம் ஒரு நர்ஸ் தட்டோடு வெளியே வந்து என் கணவர் பெயரைச் சொன்னாள். எடுத்ததைக் குடும்பத்தாரிடம் காட்டுவது அங்கே வழக்கம். கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எடுத்தார்கள் என்றால் பிடித்திருக்கவில்லை என்று அர்த்தம்! அதைக் கணக்குப்போட எனக்குச் சில நொடிகள் ஆயின. தட்டில் ஒரு துண்டுக் குழாய், நீளவாக்கில் பிளந்து, நடுவில் காலிஃபிளவர்போல ஒரு புடைப்பு. தொடாமல், மேலே காற்றில் விரல்களை வைத்துப் பார்த்தேன்.

"என்னா அண்ணி பண்றீங்க?" என்று கண்ணன் அதட்டினான்.

இரண்டரை.

பின்னால் வந்த டாக்டர் முகமூடியை இறக்கினார். "ரத்தக்குழாய்ல ஒட்டல. கையை விட்டா லேசா நகர்ந்து வந்துச்சு. கழலை ஒண்ணு சந்தேகமா இருந்துச்சு, அதையும் எடுத்திருக்கோம்." சோதனையில் அந்தக் கழலையில் நோய் இருந்தது என்று பிறகு வந்தது. அதனால் அவர் முழுதாகத் தப்பிவிட்டார் என்று இப்போதும் நான் எழுதமாட்டேன்.

ஒட்டுப்போட்ட இடம் ஒழுகுகிறதா என்று பார்க்க மூன்றாவது முறையாக மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஒழுகவில்லை. அன்று சாயங்காலம் கண்ணனின் கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தேன். விழுங்கிவிட்டு மார்பில் கைவைத்துக் காத்திருந்தார். ஒன்றும் வந்து உட்காரவில்லை. கண்ணன் அன்றைக்கும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அனந்தபுரத்துக்கு அவரே கடிதம் எழுதினார், படிப்பு முடியட்டும் என்று. அவர்கள் காத்திருக்கவில்லை. அதில் தப்புமில்லை. அந்தப் பையனுக்கு இப்போது குழந்தையே பிறந்துவிட்டது.

கண்காணிப்புக்கு ஒவ்வொரு முறையும் மெட்ராஸ் வரை போகவேண்டாம், விழுப்புரத்தில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றார்கள். அதே எக்ஸ்ரே நிலையம், அதே டாக்டர். முதல் தடவை அவர் எங்களைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். மூன்று மாதம் கழித்து வாங்க என்றார். அப்புறமும் மூன்று மாதம். பிறகு ஆறு மாதம். அவர் எதையும் வாயால் சொல்லவில்லை. அடுத்து எப்போது வரச்சொல்கிறார் என்பதைத்தான் நான் காது கொடுத்துக் கேட்பேன். படிக்கத் தெரிந்த ஒரே படம் எனக்கு அதுதான் என்றாகிவிட்டது.

போன வாரம் போனோம். மலருக்கு டிகிரி முடிவு வந்து, முதல் வகுப்பு. எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அவளும் கூட வந்தாள். இந்த முறை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நேராக எக்ஸ்ரே நிலையத்துக்கு நடந்தேன். விற்பனைக்கூடத்துப் பக்கம் திரும்பவிடவில்லை. ஊழியர் கேட்டார்: "சாப்டீங்களா?"

"இல்ல."

"பதம் பாத்தீங்களா?" என்று மலர் கேட்டாள்.

"வாயத் தொறந்து காட்டட்டுமா?" என்றார்.

வெள்ளை தங்குதடையில்லாமல் இறங்கியது. டாக்டர் ஈரப்படத்தைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடி பார்த்தார். மலரிடம் கொடுத்தார். "நீயும் பாரும்மா. நல்லா இருக்கு. அடுத்த வருஷம் வாங்க."

"வருஷமா சார்?" என்றார் என் கணவர்.

"ஆமா. ஒரு வருஷம் கழிச்சு."

வருஷம் திரும்பாது என்று சொன்ன அதே வாய். அவருக்கு அது ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. நான் ஞாபகப்படுத்தவில்லை.

வெளியே வந்ததும் இவர் யாரையும் கேட்காமல் விற்பனைக்கூடத்துக்குள் நுழைந்தார். தெரிந்தவர்கள் கைகாட்டினார்கள். ஒரு மூட்டைக்குள் கையை விட்டார். காதருகே ஆட்டினார். உடைத்தார். தோலைத் தேய்த்து ஊதினார். வாயில் போட்டார். நானும் மலரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெதுவாக, மெதுவாக, இத்தனை நாளில் அவர் எந்தக் காயையும் அத்தனை நேரம் மென்றதில்லை. துப்புவார் என்று பார்த்தேன். துப்பவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மார்பில் கைவைத்துக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

"பதம் பாத்தியா நைனா?" என்றாள் மலர்.

"இல்ல பாப்பா" என்றார். "சாப்டேன்."